ஒப்பந்தத்தில் எந்த அளவுகோலை எழுதுவது? சேலம் மரவள்ளி உழவர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஆத்தூர், பெத்தநாயக்கன்பாளையம், கெங்கவல்லி, வாழப்பாடிப் பக்கங்களில் மரவள்ளி பயிரிடும் உழவர்கள் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று, ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொள்ளப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய இரகமாகவோ, நோயில்லாத கரணையை, அதாவது நடுவதற்கு நறுக்கிய குச்சித் துண்டைப் பெருக்கும் முறையாகவோ, பூச்சியை அடக்கும் வழியாகவோ ஆய்வுத் திடலில் இருக்கும் ஒன்று உறுப்பினர்களின் காட்டுக்கு வந்து சேர வேண்டும் என்பது நோக்கம். காலம், கட்டணம், பொறுப்பு ஆகிய பிரிவுகளை எழுதுவதற்கு ஆள் கிடைப்பார்கள். வந்து சேர்ந்ததா இல்லையா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது என்ற பிரிவை மட்டும் இயக்குநர் குழுவே உட்கார்ந்து எழுத வேண்டும். நான் பார்த்த ஒப்பந்த நகல்களில் அந்த இடத்தில் பெரும்பாலும் இத்தனை பயிற்சிகள், இத்தனை செயல்விளக்கத் திடல்கள், இத்தனை துண்டறிக்கைகள் என்ற ஒரு வரிதான் இருந்தது. அந்த வரி முழுவதுமாக நிறைவேறுவதற்கு வயலில் ஒரு கரணைகூட முளைக்க வேண்டியதில்லை.

அந்த வரிக்குப் பதிலாக எழுதக்கூடியவை நான்கு. ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எத்தனை உரிமங்கள், எவ்வளவு கட்டண வருவாய், எத்தனை இரகங்கள் வெளியே வந்தன என்று எண்ணலாம். எத்தனை ஏக்கரில் பரவியது என்று அளக்கலாம். எவ்வளவு இழப்புத் தவிர்க்கப்பட்டது என்று கணக்கிடலாம். அல்லது, நிறுவனம் கையை எடுத்த பிறகும் அந்தத் தொழில்நுட்பத்தைத் தாங்கி நிற்க உள்ளூரில் ஆளும் நாற்றங்காலும் உருவாகியிருக்கின்றனவா என்று பார்க்கலாம். சேலத்து மரவள்ளிக்கு நான்காவதும் இரண்டாவதும் சேர்ந்த ஓர் அளவுகோலே பொருந்தும் என்பதும், அதையும் முதல் பருவத்தில் பாதியும் இரண்டாம் பருவத்தில் பாதியுமாகப் பார்க்க வேண்டும் என்பதும் என் முடிவு. மற்ற இரண்டும் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. அவை வேறு இடத்துக்கு உரியவை.

முதல் அளவுகோலிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் உலகம் முழுவதும் அதிகம் புழங்குவது அதுதான். தொழில்நுட்பப் பரிமாற்றத்தை மதிப்பிடும் வழிகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்க அறிஞர் பாரி போஸ்மன் 2000ஆம் ஆண்டில் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் 'வாசலைத் தாண்டிய கணக்கு' என்று சொல்லலாம். தொழில்நுட்பம் நிறுவனத்தின் வாசலைத் தாண்டி ஒருவர் கைக்குப் போய்விட்டதா என்பதோடு கேள்வி முடிந்துவிடும்; அதற்குப் பின் என்ன ஆயிற்று என்பது கணக்கில் வராது. எண்ணுவதற்கு எளிது, கோப்பிலிருந்தே எடுத்துவிடலாம், ஆண்டுதோறும் ஒப்பிடலாம் என்பவை இதன் கவர்ச்சிகள். அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டின் பே-டோல் சட்டம், அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் காப்புரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ள வழிசெய்தபின் இந்தக் கணக்கு மேலும் செல்வாக்குப் பெற்றது. அதே போக்கில் இங்கும் 2008இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது, அது சட்டமாகவில்லை. ஆனாலும் நம் நாட்டில் இந்த வேலைக்கென்றே 1953 முதல் தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் இருக்கிறது. வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலின் தொழில்நுட்பங்களை உரிமம் வழியே கொடுக்க 2011இல் அக்ரின்னோவேட் இந்தியா என்ற நிறுவனமும் வந்தது.

இந்த அளவுகோல் நன்றாக வேலை செய்யும் இடங்கள் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் கோஹன், பாயர் இருவரின் மரபணு இணைப்புக் காப்புரிமையை ஒரே நிறுவனத்துக்கு விற்காமல், கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. 1997இல் காப்புரிமை முடிவதற்குள் 450க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உரிமம் பெற்றன, 25 கோடி டாலருக்கு மேல் வருவாய் வந்தது. அங்கே உரிமத்தின் எண்ணிக்கையும் பயன்பாட்டின் பரவலும் ஏறக்குறைய ஒன்றாகவே நகர்ந்தன. நம்மூரிலும், மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் எருமைப்பாலிலிருந்து குழந்தைகளுக்கான பால்பொடி செய்யும் முறையை உருவாக்கி அது அமுல் கூட்டுறவின் கைக்குப் போனபோது, வாங்கியவர் யார், செய்தது என்ன, விற்றது எவ்வளவு என்பதில் குழப்பம் இல்லை. செய்முறை ஓர் ஆலைக்குள் அடங்கும்போது வாசலைத் தாண்டிய கணக்கு நேர்மையான கணக்காகவே இருக்கிறது.

மரவள்ளி ஆலைக்குள் அடங்குவதில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கப்பட்ட மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், 1971இல் எச்-97, எச்-165, எச்-226 ஆகிய ஒட்டு இரகங்களை வெளியிட்டது. அவற்றில் எச்-226 சேலம், நாமக்கல் மாவட்டங்களில் எப்படிப் பரவியது என்று யாரைக் கேட்டாலும் ஒரே விடைதான் வரும்: மாமன் காட்டிலிருந்து மச்சான் காட்டுக்கு, குச்சிக்கட்டு குச்சிக்கட்டாக. உரிமம் கிடையாது, கட்டணம் கிடையாது, கையொப்பம் கிடையாது. ஜவ்வரிசி ஆலைகளுக்குப் பல பதிற்றாண்டுகளாகக் கிழங்கு கொடுத்துவரும் ஓர் இரகம், வாசலைத் தாண்டிய கணக்கில் வெளியீட்டு ஆண்டின் ஒரே ஒரு வரியாக மட்டும் நிற்கிறது. 2001ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டமும், பாதுகாக்கப்பட்ட இரகத்தின் விதையைக்கூட வணிகப் பெயரிட்டு விற்காத வரையில் உழவர் சேமிக்கவும் பகிரவும் விற்கவும் உரிமை தருகிறது. நறுக்கி நட்டால் முளைக்கும் பயிரில் உரிம வருவாயை வெற்றியின் அளவாக வைத்தால், நன்றாகப் பரவும் இரகம் தோல்வியாகத் தெரியும். ஆகவே உற்பத்தியாளர் நிறுவனம் தானே மாவு எடுக்கவோ, மதிப்புக்கூட்டிய பண்டம் செய்யவோ இயந்திரமும் செய்முறையும் வாங்கும் நாளில் இந்த அளவுகோலை எடுத்துக்கொள்ளட்டும். கரணைக்கான ஒப்பந்தத்தில் அது வேண்டாம்.

அப்படியானால் ஏக்கர்க் கணக்கு? இதுவே இயல்பான விடை என்று எல்லோருக்கும் தோன்றும், எச்-226 கதையைச் சொன்னபின் எனக்கும் அதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் இதில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன, மூன்றும் சேலத்திலேயே கண்முன் இருப்பவை.

ஒன்று, பரவியதற்குக் காரணம் யார் என்பது. சேலத்தின் ஜவ்வரிசித் தொழில் எந்த ஆராய்ச்சி நிலையத்தின் வாசலையும் தாண்டி வந்ததில்லை. இரண்டாம் உலகப் போரால் இறக்குமதி நின்ற காலத்தில், 1943ஐ ஒட்டி, சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும் ஜவ்வரிசி செய்யும் விதம் அறிந்திருந்த போபட்லால் ஷாவும் குடிசைத் தொழிலாகத் தொடங்கியதை, வெங்கடாசலக் கவுண்டர் என்ற இயந்திர வல்லுநரின் கைத்திறன் ஆலைத் தொழிலாக வளர்த்தது என்பது இத்தொழிலின் வரலாற்றில் பதிவான செய்தி. ஸ்ரீகாரியத்தில் நிலையம் தொடங்கியபோதே இங்கே கிழங்குக்கு ஆலை வாசலில் கிராக்கி இருந்தது. அந்தக் கிராக்கி இல்லையென்றால் எச்-226 இத்தனை ஏக்கரைப் பிடித்திருக்குமா? பொருளியலறிஞர் ஸ்வி கிரிலிக்கஸ் 1957இல் அமெரிக்க ஒட்டு மக்காச்சோளத்தின் பரவலை ஆராய்ந்து, அயோவாவில் வேகமாகவும் தெற்கு மாநிலங்களில் மெதுவாகவும் அது பரவியதற்கு எதிர்பார்க்கப்பட்ட இலாபமே பெருங்காரணம் என்று காட்டினார். இங்கும் அப்படித்தான். ஆலையில் கிழங்கின் மாதிரியை எடுத்து நீரில் எடை பார்த்து மாவுச்சத்தைப் பாயிண்டாகச் சொல்கிறார்கள். பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை. பாயிண்டு விலை இறங்கிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டு உழவர் மக்காச்சோளத்துக்கோ மஞ்சளுக்கோ போய்விடுவார். அந்த ஏக்கர் குறைவுக்கு ஆராய்ச்சி நிலையத்தைப் பொறுப்பாக்குவதும், விலை ஏறிய ஆண்டின் ஏக்கர் கூடுதலுக்கு அதைப் பாராட்டுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். 1981இல் ஜவ்வரிசி, மாவு உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவு வந்ததும், 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும்கூட ஏக்கரை அசைக்கக்கூடியவைதான். அவற்றின் விளைவை இரகத்தின் விளைவிலிருந்து பிரித்தெடுக்க ஓர் உற்பத்தியாளர் நிறுவனத்தால் முடியாது.

இரண்டு, பழைய வெற்றி புதிய தோல்வியை மறைத்துவிடும். எச்-226, இலையில் திட்டும் சுருக்கமும் உண்டாக்கும் நச்சுயிரி நோயான தேமலுக்கு எளிதில் ஆளாகிற இரகம். தேமலைத் தாங்கும் ஸ்ரீ பத்மநாபா, அதன் பின்னர் ஸ்ரீ ரக்ஷா போன்ற இரகங்களை அதே நிலையம் வெளியிட்டிருக்கிறது. ஏத்தாப்பூரில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமும் ஒய்.டி.பி வரிசையில் தன் இரகங்களைக் கொடுத்திருக்கிறது. மொத்த ஏக்கரை நிறுவனத்தின் இரகங்கள் என்று ஒரே தொகையாகக் கூட்டினால் எச்-226இன் பரப்பு அதில் பெருவெற்றியாக வந்து உட்காரும். ஆனால் இன்றைய கேள்வி எச்-226 ஏன் இன்னும் நகரவில்லை என்பது. ஐம்பதாண்டுக்கு முந்தைய வெற்றிதான் இன்றைய இரகத்துக்கு எதிரே நிற்கும் போட்டியாளர். ஏக்கர்க் கணக்கோ இருவருக்கும் ஒரே பக்கத்தில் வரவு வைக்கிறது.

மூன்று, இலவசக் கரணை. செயல்விளக்கத் திட்டத்தில் கரணையும் உரமும் கையில் கொடுத்து நடச் சொன்னால் முதல் பருவத்தில் ஏக்கர் ஏறத்தான் செய்யும். அறுவடை முடிந்ததும் அந்தக் குச்சியை நிழலில் நிறுத்தி அடுத்த நடவுக்கு வைத்தாரா, வரப்போரம் போட்டுவிட்டுப் பழைய குச்சிக்கே திரும்பினாரா என்பதில்தான் உழவரின் தீர்ப்பு இருக்கிறது. முதல் பருவத்தின் ஏக்கர் திட்ட நிதியின் அளவைக் காட்டும். இரண்டாம் பருவத்தின் ஏக்கர்தான் தொழில்நுட்பத்தின் அளவைக் காட்டும்.

மூன்றாவது அளவுகோலான தவிர்க்கப்பட்ட இழப்பைப் பற்றிப் பேசும்போது மாவுப்பூச்சியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது, ஏனென்றால் தமிழ்நாட்டில் அண்மைக் காலத்தில் நடந்த மிகச் சிறந்த தொழில்நுட்பப் பரிமாற்றங்கள் இரண்டும் அதைச் சுற்றியே நடந்தன. இரண்டுமே முந்தைய இரு அளவுகோல்களின் கண்ணிலும் படாது. பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் முதலில் கண்டறியப்பட்டு, பப்பாளியோடு நிற்காமல் மல்பெரியையும் மரவள்ளியையும் தாக்கியது. உழவர்கள் கைக்கு வந்த மருந்தையெல்லாம் அடித்தார்கள். மெழுகுப் பூச்சுக்குள் உட்கார்ந்திருந்த பூச்சிக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. 2010இல் பெங்களூரில் உள்ள வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலின் பூச்சியியல் நிறுவனம், பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு மூன்று ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றில் அசரோஃபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய குளவி, வெளியிட்ட இடங்களிலிருந்து தானே பரவிப் பூச்சியை அடக்கியது. பிறகு 2020இல் கேரளத்தின் திருச்சூரில் மரவள்ளிக்கே உரிய மாவுப்பூச்சி தென்பட்டு, விரைவில் சேலம், நாமக்கல் காடுகளுக்கும் வந்தது. இம்முறை குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்தது. அனகைரஸ் லோபெசி என்ற அதனை 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் நிலையத்தில் வெளியிட்டார்கள். 1981 முதல் ஆப்பிரிக்காவில் இதே பூச்சியை அடக்கியது இதே குளவிதான். அந்தப் பணிக்காக ஹன்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் அறிஞருக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

இங்கே 'ஏற்றுக்கொண்ட உழவர்' என்று ஒருவரும் இல்லை. குளவி வரப்பைப் பார்ப்பதில்லை, உறுப்பினர் அட்டையைக் கேட்பதில்லை. உரிமக் கட்டணம் பூச்சியம். பயிற்சிக்கு வந்தவருக்கும் வராதவருக்கும் பலன் ஒன்றே. உழவர் செய்ய வேண்டியிருந்த ஒரே வேலை, குளவியைக் கொல்லும் மருந்தை அடிக்காமல் இருப்பது. செய்யாமல் விட்ட வேலையை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? பூச்சியின் எண்ணிக்கை வெளியீட்டுக்கு முன்னும் பின்னும் எவ்வளவு, மருந்துச் செலவு எவ்வளவு குறைந்தது, குளவி வராமல் இருந்திருந்தால் எத்தனை டன் போயிருக்கும் என்று கணக்கிட்டால்தான் இதன் மதிப்புத் தெரியும். ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தை அரசோ பல்கலைக்கழகமோ மதிப்பிடும்போது இந்தக் கணக்கு இல்லாமல் மதிப்பிடுவது அநியாயம் என்றே சொல்வேன். ஆனால் ஓர் உற்பத்தியாளர் நிறுவனம் இதைத் தன் ஒப்பந்தத்தில் எழுத முடியாது. பலன் உறுப்பினர்களின் எல்லையோடு நிற்பதில்லை. ஒப்பிட்டுப் பார்க்கக் குளவி போகாத காடு பக்கத்தில் இருப்பதில்லை. கணக்கிட வேண்டிய பூச்சியியலாளருக்கும் பொருளியலாளருக்கும் கொடுக்கப் பணமும் இல்லை. மாவட்ட அளவிலோ மாநில அளவிலோ செய்ய வேண்டிய வேலையை ஓர் ஊர் நிறுவனத்தின் தலையில் கட்டக் கூடாது.

நான்காவது அளவுகோலுக்குப் பட்டுத் தொழில் நல்ல சான்று. மத்தியப் பட்டு வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் ஒன்று சேலத்திலேயே இருக்கிறது; மைசூர் நிலையத்தின் வி-1 மல்பெரி இரகம் நம் மாவட்டத்தில் பழகிய பெயர். ஆனால் அந்தத் தொழிலில் என்னைக் கவர்ந்தது இரகத்தைவிட இளம்புழு வளர்ப்பு மையங்கள்தான். முட்டையிலிருந்து வெளிவந்த புழுவை இரண்டாம் தோலுரிப்பு வரை சரியான வெப்பத்திலும் ஈரத்திலும் வளர்த்து, அதன் பின் உழவர்களுக்கு விற்பது அவர்கள் தொழில். புழு சரியில்லையென்றால் உழவர் அடுத்த தடவை வேறு மையத்துக்குப் போய்விடுவார். ஆகவே ஆராய்ச்சி நிலையம் சொல்லிக்கொடுத்த சுத்த முறைகளைக் கடைப்பிடிப்பதில் மையத்தின் உரிமையாளருக்குச் சொந்த இலாபம் இருக்கிறது. மேற்பார்வைக்கு ஆள் வராவிட்டாலும் அது நடக்கும். தொழில்நுட்பம் ஊரில் குடியேறிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்கள் இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. 1925 முதல் கர்நாடகத்தின் பாலெஹொன்னூரில் இயங்கும் காபி ஆராய்ச்சி நிலையம், செடியின் தண்டைக் குடையும் வண்டான வெள்ளைத் தண்டுத் துளைப்பானுக்குச் சொல்லும் வழிகள் கடினமானவை அல்ல: நிழலைக் குறைத்துவிடாமல் இருப்பது, தாக்கப்பட்ட அராபிகாச் செடிகளை வண்டு வெளியே பறக்கும் காலத்துக்கு முன்பே அடையாளம் கண்டு பிடுங்கி எரிப்பது. ஒரு தோட்டம் இதை ஒழுங்காகச் செய்து, மேட்டிலிருக்கும் அடுத்த தோட்டம் செய்யாமல் விட்டால் முதல் தோட்டத்தின் உழைப்பில் பாதி வீண். ஏற்காட்டில் ஏற்றுக்கொண்ட விவசாயிகளின் எண்ணிக்கையை எண்ணுவதைவிட, இடைவெளி இல்லாமல் தொடர்ந்து செய்யப்பட்ட பரப்பை அளப்பதே பொருள் உள்ளது. தனித்தனி உழவர்களின் தலைகளை எண்ணும் பழக்கம் நோய், பூச்சி விஷயத்தில் ஏமாற்றும்.

தேமல் நோயிலும் இந்தச் சிக்கல் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் தேமல் இரண்டு வழிகளில் வருகிறது: நட்ட கரணையோடும் வரலாம், பக்கத்துக் காட்டிலிருந்து வெள்ளை ஈ மூலமும் வரலாம். நோயில்லாத கரணை என்று ஆராய்ச்சி நிலையம் கொடுத்த குச்சியில் மூன்று மாதம் கழித்துத் தேமல் தெரிந்தால், கொடுத்தவர் குற்றமா, பக்கத்துக் காட்டின் குற்றமா என்று சண்டை வரும். இந்தச் சண்டையைத் தீர்க்கச் செடியே வழி வைத்திருக்கிறது என்பதால்தான் என் அளவுகோலை இதன் மேல் கட்டுகிறேன். கரணையிலேயே நச்சுயிரி இருந்தால், முளைத்து வரும் முதல் இலைகளிலிருந்தே மஞ்சளும் பச்சையும் கலந்த திட்டும், கோணலும் சுருக்கமும் தெரியும்; செடியின் அடியிலைகள் பழுதுபட்டிருக்கும். சுத்தமான கரணையாக இருந்து பின்னால் வெள்ளை ஈ கொண்டுவந்திருந்தால் அடியிலைகள் தெளிவாக, ஒரே பச்சையாக இருக்கும். மேலே புதிதாக விட்ட இலைகளில்தான் தேமல் தொடங்கும். நடந்து போய்க் குனிந்து அடியிலையைத் திருப்பிப் பார்ப்பவருக்கு ஆய்வகம் வேண்டாம். அடியிலை உதிர்ந்துவிடுவதற்குள் பார்க்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. நட்ட ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் பார்ப்பது நல்லது.

ஆகவே ஒப்பந்தத்தின் முதல் பருவப் பிரிவு இப்படி இருக்கலாம். கரணை பெற்ற உறுப்பினர்களின் காடுகளில் குலுக்கல் முறையில் தேர்ந்த காடுகளில், கோடியிலிருந்து கோடி வரை சில வரிசைகளை நடந்து, அடியிலையில் தேமல் உள்ள செடிகளையும் மேலிலையில் மட்டும் தேமல் உள்ள செடிகளையும் தனித்தனியாக எண்ண வேண்டும். முதல் எண்ணிக்கைக்கு ஆராய்ச்சி நிறுவனமும் அதன் கரணையைப் பெருக்கிய நாற்றங்காலும் பொறுப்பு. நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போனால் அடுத்த பருவத்துக்கு மாற்றுக் கரணை தர வேண்டும் என்று எழுதலாம். இரண்டாவது எண்ணிக்கைக்கு உற்பத்தியாளர் நிறுவனம் பொறுப்பு. தாக்கப்பட்ட செடிகளை உடனுக்குடன் பிடுங்குவதும், அடுத்தடுத்த காட்டுக்காரர்களை ஒரே நேரத்தில் நடவைப்பதும் அதன் வேலை. கொடுப்பவர், வாங்குபவர் இருவருடைய செயல்திறனையும் ஒரே நடையில் பிரித்துக் காட்டும் இப்படிப்பட்ட அளவுகோல் மற்றப் பயிர்களில் எளிதாகக் கிடைப்பதில்லை.

இரண்டாம் பருவப் பிரிவில் கேட்க வேண்டியவை இரண்டே. முதல் பருவத்தில் கரணை பெற்றவர்களில் எத்தனை பேர், தாமே சேமித்த குச்சியையோ காசு கொடுத்து வாங்கிய குச்சியையோ கொண்டு அதே இரகத்தை மறுபடி நட்டார்கள்? மானியம் இல்லாமல் கரணை விற்கும் நாற்றங்கால்கள் ஊரில் எத்தனை இருக்கின்றன? விட்டுவிட்டவர்களிடம் காரணத்தைக் கேட்கும் வேலை உற்பத்தியாளர் நிறுவனத்துடையதாக இருக்கட்டும். கொடுத்தவரே போய்க் கேட்டால் சேலத்து உழவர் "நல்லாத்தாங்க இருந்துச்சு, இந்த வருஷம் தண்ணி பத்தல" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடுவார். பாயிண்டு குறைவாக இருந்தது, ஆலையில் ஏற்கத் தயங்கினார்கள் என்ற உண்மை பக்கத்து வீட்டுக்காரரிடம்தான் வரும்.

நாற்றங்காலை அளவுகோலுக்குள் ஏன் கொண்டுவர வேண்டும் என்பதற்கு ஒரு கணக்குப் போதும். மூன்றடிக்கு மூன்றடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 5,000 செடிகள். வழக்கமான ஒரு சாண் கரணையாக நறுக்கினால் ஓர் ஏக்கர்க் குச்சி அடுத்த பருவத்தில் ஏறக்குறைய பத்து ஏக்கருக்கு வரும். ஸ்ரீகாரியம் நிலையம் உருவாக்கிய சிறுகரணை முறையில் இரண்டு கணுக்கள் மட்டுமுள்ள துண்டுகளாக நறுக்கி, நிழல்வலைக்குக் கீழே மூன்று நான்கு வாரம் வளர்த்து, தேமல் தெரியும் நாற்றுகளை அங்கேயே களைந்து, மற்றதை நடவுக்குக் கொண்டுபோனால் அது அறுபது ஏக்கர் வரை எட்டும். உறுப்பினர்களிடம் மொத்தம் 600 ஏக்கர் இருக்கிறதென்று வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கர் மூலக் கரணையிலிருந்து தொடங்கி அதை முழுவதும் மாற்ற வழக்கமான முறையில் மூன்று பருவங்களும், சிறுகரணை முறையில் இரண்டு பருவங்களும் ஆகும். மரவள்ளிக்கு ஒரு பருவமென்பது ஏறக்குறைய பத்து மாதம். மிச்சமாகும் ஒரு பருவம் வெள்ளை ஈக்குக் கிடைக்காத ஒரு பருவம். இது காகிதக் கணக்கு. நாற்று சாவதும், களைந்து எறிவதும், குச்சி காய்ந்துபோவதும் போக மிஞ்சுவது குறைவாகவே இருக்கும். இருந்தாலும் இரகம் எவ்வளவு நல்லது என்பதைவிட அதைப் பெருக்கும் கைகள் ஊரில் இருக்கின்றனவா என்பதே வேகத்தைத் தீர்மானிக்கிறது. இளம்புழு மையம் நடத்துபவரைப் போல, கரணை நாற்றங்காலால் பிழைக்கும் இரண்டு மூன்று பேர் உருவானால் ஒப்பந்தம் முடிந்த பின்னும் வேலை நடக்கும்.

ஆராய்ச்சி நிறுவனத் தரப்பில் இதற்கு மறுப்பு வரும், அது நியாயமான மறுப்பும்கூட. திட்ட நிதி நிதியாண்டோடு முடிகிறது. விஞ்ஞானியின் பதவி உயர்வில் ஆய்வுக்கட்டுரைக்கும் வெளியீட்டுக்கும் மதிப்பெண் இருக்கிறதே தவிர, இரண்டாம் பருவத்தில் நின்ற குச்சிக்கு இல்லை. அதற்குள் அவருக்கே இடமாற்றம் வந்திருக்கலாம். ஆகவே எண்ணும் செலவையும் ஆளையும் உற்பத்தியாளர் நிறுவனமே ஏற்றுக்கொள்வது நல்லது. உறுப்பினர்களின் பிள்ளைகளில் வேளாண்மை படித்த இருவருக்கு நாட்கூலி கொடுத்தால் முடிகிற வேலை. ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்க வேண்டியது, முடிவைப் பார்த்து எழுத்தில் பதில் சொல்வதும், அடியிலைக் கணக்கு மிஞ்சினால் மாற்றுக் கரணை தருவதும் மட்டுமே. பெரிய வாக்குறுதியைத் தவறான அளவுகோலோடு பெறுவதைவிட, சிறிய வாக்குறுதியைச் சரியான அளவுகோலோடு பெறுவது மேல்.

எந்த நிறுவனத்தோடு என்ற கேள்விக்கும் இந்த அளவுகோலே விடை தருகிறது. மூலக் கரணையும் சிறுகரணைப் பயிற்சியும் ஸ்ரீகாரியத்திலிருந்து பெறலாம். ஆனால் நட்ட இரண்டாம் மாதத்தில் காட்டுக்கு வந்து அடியிலையைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டியவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால், ஏத்தாப்பூர் நிலையத்தைக் கையொப்பமிடும் தரப்பாகச் சேர்ப்பதே பொருத்தம். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையம் சில உறுப்பினர்களின் காட்டில் இரகங்களைப் பக்கம்பக்கமாக நட்டுப் பாயிண்டை ஒப்பிட உதவும். ஆலைக்காரர் ஒருவரையும் அந்த ஒப்பீட்டைப் பார்க்க அழைத்துவிட்டால், இரண்டாம் பருவத்தில் ஆலை வாங்கவில்லை என்ற காரணத்துக்கு இடமிருக்காது.

கையொப்பம் எப்போது என்பதும் முக்கியம். அறுவடைக்குப் பின் கட்டிவைத்த குச்சியில் இலை இருக்காது. எது தேமல் செடியின் குச்சி, எது சுத்தமான செடியின் குச்சி என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது. ஒப்பந்தத்துக்கு முந்தைய நிலை என்ன என்ற அடிப்படைக் கணக்கைப் பழைய பயிர் காட்டில் நிற்கும்போதே எடுத்து, சுத்தமான செடிகளுக்குச் சாயம் பூசி அடையாளம் வைத்துவிட வேண்டும். ஆலைகள் முழு வேகத்தில் ஓடத் தொடங்கி, வெட்டுக்கூலி ஆட்கள் காட்டுக்குள் இறங்கிவிட்டால் அந்த வேலைக்கு நேரம் கிடைக்காது. ஆகவே வெட்டு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பாவது இந்தப் பிரிவு எழுதி முடிக்கப்பட்டிருக்க வேண்டும்.